மலை ஈச்சைச் சரிவில் கன்னியம்மா

வெட்டு புதிதாக இருந்தது. ஆண் கூம்பு நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம். அதன் ஓரமெல்லாம் கோந்து வடிந்து முத்து முத்தாக நின்றது. விரலால் தொட்டேன். ஒட்டியது.

"பன்னி கடிச்சிருக்கும்" என்றாள் கன்னியம்மா, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

பன்றி கடித்தால் இத்தனை சுத்தமாகக் கடிக்காது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. காலை ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. செம்மரங்கள் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு நின்றன. கீழே திருப்பதி ஊர் வெள்ளைப் புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் நின்ற சரிவில் மட்டும் மலை ஈச்சைகள் பச்சையாக, ஆளுக்கொரு பாறை ஓரமாக உட்கார்ந்திருந்தன.

அடுத்த செடிக்குப் போனேன். அங்கேயும் வெட்டு. நடுவில் இருந்த பெண் செடிகளை யாரும் தொடவில்லை. ஆண் செடி எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு நேராக அதனிடம் போயிருக்கிறார்கள்.

நாலாவது செடியில் இலைகளை மொத்தமாக மேலே தூக்கிக் கட்டியிருந்தது, கொண்டை போட்டதுபோல. பழைய புடவைக் கிழிசல். பாதிச் சுருக்கு, ஒரு பக்கம் இழுத்து, வால் நுனியை உள்ளே செருகிய முடிச்சு.

மலை ஈச்சையின் இலை நுனி ஊசி. தண்டின் சுற்றளவை அளக்க வேண்டுமானால் இலைகளை முதலில் தூக்கிக் கட்ட வேண்டும். அது கன்னியம்மாவின் வேலை. இரண்டு வருஷமாக அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளந்து முடித்ததும் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடுவாள். இந்த வருஷம் இந்தச் சரிவில் நாங்கள் இன்னும் எதையும் அளக்கவில்லை; இதை அவிழ்க்க மறந்திருக்கிறாள்.

நான் முடிச்சைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். நோட்டில் செடியின் எண்ணை எழுதி, பக்கத்தில் 'கூம்பு இல்லை' என்று எழுதினேன். அடுத்த செடிக்குப் போனோம்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் படிப்பு, விடுதி, முதல் சம்பளம் என்று எழுதிக்கொண்டு வந்தவள், கன்னியம்மாவை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். இனிமேலும் தள்ளினால் மற்றதெல்லாம் எழுதியதற்கு அர்த்தமில்லை.

ஈச்சை அல்லாத ஈச்சை

தெலுங்கில் அதை 'கொண்ட ஈத' என்பார்கள். எங்கள் பக்கத்துத் தமிழில் மலை ஈச்சை. குட்டை ஈச்சமரம்போலத் தெரியும், அவ்வளவுதான். ஈச்சைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பூ என்ற ஒன்று உலகத்துக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்ட குலம் அது.

அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி நடு உச்சியில் ஒரே ஒரு செம்பழுப்புக் கூம்பை நிமிர்த்தும். மகரந்தம் முற்றும்போது புளித்த மாவு வாடை அடிக்கும். பெண் செடிக்குக் கூம்புகூடக் கிடையாது. கம்பளி போர்த்தியதுபோலச் சின்ன இலைகள் நடுவில் விரியும், அவற்றின் ஓரத்தில் விதை கட்டும். கூம்பு வராத வருஷத்தில் எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மலைத்தொடரைச் சுற்றி மட்டும்தான் அது தானாக வளர்கிறது. வேறு எங்கும் இல்லை.

அந்த ஆண் கூம்பை உலர்த்திப் பொடி செய்து பாலில் கலந்து குடித்தால் உடம்பு இறுகும், ஆண்மை கூடும் என்று ஒரு நம்பிக்கை. கூம்பைத் தேடி ஆட்கள் மலையேறுவதற்கு அந்த ஒரு நம்பிக்கை போதும்.

செம்மரக் காடு

திருப்பதி ஓட்டல்களில் தங்கிவிட்டுப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்து, வறண்ட மலை என்பார்கள். உள்ளே போனால் அது தளம் தளமாக இருக்கும். மேலே செம்மரமும் வெக்காலி மரமும். நடுவில் புதர்கள். அடியில் இடுப்பளவு வாசனைப் புல். மரம் நெருங்கி நிற்கும் இடத்தில் புல் இருக்காது. மரம் விலகி வெயில் விழும் இடத்தில் புல்லும், புல்லுக்கு நடுவே மலை ஈச்சையும்.

கோடையில் புல் எரியும். எங்கே யார் பற்றவைக்கிறார்கள் என்று தெரியாது, வருஷம் தவறாமல் எரியும். மலை ஈச்சைக்கு அது பெரிய விஷயமில்லை. உதிர்ந்த இலைகளின் அடிக்கட்டைகளே அதன் தண்டைச் சுற்றிக் கவசமாக நிற்கும். தீ போன சில வாரத்தில் கருகிய தண்டின் உச்சியிலிருந்து இளம்பச்சை இலைகள் சுருள் அவிழும். கரி பூத்த தரையில் அதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ செய்யும்.

செம்மரக் கன்றுக்குத்தான் தீ எமன். மழைக்கு நிறைய முளைக்கும். கோடையில் மேலே இருப்பதெல்லாம் கருகிவிடும். மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் அந்த இடத்தில் வெயில் விழும், வெயில் விழுந்தால் புல் பெருகும், புல் பெருகினால் தீ உயரும், தீ உயர்ந்தால் கன்று மேலே வரவே வராது. ஒரு மரம் போனால் அந்த ஒரு மரத்தோடு நிற்பதில்லை.

இதையெல்லாம் எண்ணிப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. பத்தடிக்குப் பத்தடி சதுரமாகக் கயிறு கட்டுவது, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கன்றையும் ஒவ்வொரு புல்லையும் எழுதுவது. ஒரு பல்கலைக்கழகத் திட்டம். நான் அதில் ஒப்பந்த ஊழியை. வருஷா வருஷம் நீட்டிப்பார்கள், அல்லது நீட்டமாட்டார்கள்.

எட்டாம் வகுப்பு வரை

கன்னியம்மாவும் நானும் கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என் நைனாவும் அவள் நைனாவும் அடுத்தவர் நிலத்தில் ஒன்றாகக் கரும்பு வெட்டியவர்கள். பிறகு எங்களுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நான் படித்ததற்கும் அவள் எட்டாவதோடு நின்றதற்கும் அதைத் தவிரப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கணக்கில் அவள்தான் கெட்டிக்காரி.

கல்யாணமாகி அவள் திருப்பதிக்கு வந்துவிட்டாள். புருஷன் சேகர் ஆட்டோ ஓட்டினான். நான் திட்டத்தில் சேர்ந்தபோது, காட்டுக்குள் தனியாகப் பெண் போகக் கூடாது, தினக்கூலிக்கு ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள் என்றார் பேராசிரியர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனேன்.

"இன்னா மே வேலை?" என்றாள். எங்கள் பக்கத்தில் தோழிகளுக்குள் 'மே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"செடி எண்ற வேலை."

"எண்ணி?"

"எழுதறது."

"எழுதி?"

அவள் சிரித்துவிட்டு, "சரி, வரேன். ஊட்ல குந்திக்கினு இருக்கறதுக்கு இது மேலு" என்றாள்.

வனத்துறை அனுமதிக் கடிதத்தில் ஆய்வாளர் என்று என் பெயரும், உதவியாளர் என்று அவள் பெயரும் தட்டச்சு செய்து வந்தன. தன் பெயரை அச்சில் பார்த்ததும் விரலை அதன்மேல் வைத்து, "முழுப் பேரும் போட்டுக்கிறாங்க" என்றாள்.

கீறிப் பார்த்தது

முதல் கோடையில் நடந்தது இது. கயிறு கட்டிய சதுரத்துக்குள் செம்மரக் கன்றுகள் குச்சி குச்சியாகக் காய்ந்து நின்றன. நான் வரிசையாக 'இறந்தது, இறந்தது' என்று எழுதிக்கொண்டு போனேன்.

"செத்துதுன்னு எழுதாத மே" என்றாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியின் அடியில் மண்ணைத் தள்ளி, கட்டைவிரல் நகத்தால் கீறினாள். தோலுக்கு அடியில் பச்சை. "மேலதான் காஞ்சிகீது. கீழ உசுரு கீது, பாரு."

புத்தகத்தில் நான் அதைப் படித்திருந்தேன். மேலே மடிந்து, வேர் மட்டும் பல வருஷம் தங்கி, ஒரு நல்ல மழை வருஷத்தில் ஒரே மூச்சில் ஆள் உயரம் எழும்பும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த வெயிலில் எனக்கு அது தோன்றவில்லை. அன்று சாயங்காலம்வரை நாங்கள் இருவரும் ஒவ்வொரு குச்சியாகக் கீறிப் பார்த்துத் திரும்ப எழுதினோம்.

மலை ஈச்சைகளுக்கு அலுமினியத் தகடு கட்டியதும் அவள்தான். கூம்பு வந்த செடியில் ஆண் என்றும் விதை கட்டிய செடியில் பெண் என்றும் குறி. நான் வரைபடத் தாளில் சரிவை வரைந்து, ஆணுக்குச் சிவப்புப் புள்ளியும் பெண்ணுக்கு நீலப் புள்ளியும் வைத்தேன். அழகாக வந்தது. நகல் எடுத்து அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். சீக்கிரமே அதைப் பார்க்காமலே சரிவில் நடக்கப் பழகிவிட்டாள்.

அதற்கு முன்னால் அந்தச் சரிவில் எது ஆண், எது பெண் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள்தான் தெரியவைத்தோம்.

இறங்கும் வழியில்

முடிச்சைப் பார்த்த அன்று சரிவு முழுக்க நடந்தோம். தகடு கட்டிய ஆண் செடி ஒன்றிலும் கூம்பு இல்லை. பாதை ஓரத்துப் பாறை நிழலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"துன்னு" என்றேன்.

"வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "சேகர உள்ள வச்சிகிறாங்க. ரெண்டு மாசமாச்சி."

சவாரி என்று யாரோ கூப்பிட்டுப் போய், ஆட்டோவில் மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். மூட்டைக்குள் செம்மரத் துண்டு. அவனுக்குத் தெரியாது என்றாள். தெரிந்திருக்குமா, இருக்காதா என்று எனக்குத் தெரியாது. ஜாமீனுக்கு வக்கீல் வைக்க வேண்டும். மருந்துக்குக் கூம்பு வாங்குகிறவன் ஒருவன், யார் மூலமாகவோ அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்திருக்கிறான்.

"ரெண்டு மாசமா எங்கூட வர. ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

நான் என் டப்பாவை மூடினேன்.

"செடியக் கொல்லல மே. கூம்பு மட்டும்தான். அடுத்த வருசம் வரும்ல?"

"இந்த வருஷம் விதை இருக்காது."

"ஒரு வருசம் விதை இல்லன்னா ஒரு காடு அழிஞ்சிபூடுமா?"

கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு வருஷத்தில் அழியாது. ஆனால் வாங்குகிறவன் அடுத்த வருஷமும் வருவான். இதை நான் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சேகரின் வழக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். பேராசிரியருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார்.

நான் சொன்னது: "நாளையிலிருந்து வராத."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வழக்கமாக அடிவாரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்றாகத்தான் வருவோம். அன்று அவள் பின்னால் தங்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அறிக்கையில் 'அடையாளம் தெரியாதவர்களால் கூம்புகள் அகற்றப்பட்டுள்ளன' என்று எழுதினேன். அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, அதற்காக என்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். வேலையிலிருந்து நிறுத்தியதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. அனுமதிக் கடிதத்தில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

வாளி

ஐப்பசி மழைக்கு முன்னால் பெண் செடிகளிலிருந்து கொஞ்சம் விதை எடுத்துவந்தோம். எடுத்ததைத் திரும்பக் காட்டிலேயே விதைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. உருண்டையாக, பார்க்க நன்றாகவே இருந்தன. ஆண் இல்லாவிட்டாலும் ஓடு பருக்கும்.

ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து அவற்றைப் போட்டேன். உள்ளே கரு பிடித்த விதை மூழ்கும். பிடிக்காதது மிதக்கும்.

எல்லாம் மிதந்தன. கையால் அழுத்தி உள்ளே தள்ளினேன். கையை எடுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. புதிதாகத் துணைக்கு வந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறுபடி போடட்டா, மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜீப்

அடுத்த பங்குனி. முற்பகல். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கு முன்னால் இருக்கும் வேப்பமர நிழலில் ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டையில் வனத்துறைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். பேராசிரியர் ஊரில் இல்லை. என்னை வெளியே கூப்பிட்டார்கள்.

ஜீப்பின் பின்பக்கத்தில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. புடவையெல்லாம் புல்முள். காலடியில் கோணிப்பை. அந்தப் புளித்த வாடை நான் நின்ற இடம்வரை வந்தது.

விடிகாலையில் சரிவில் பிடித்திருக்கிறார்கள். கூட வந்த ஆண்கள் ஓடிவிட்டார்கள். இந்தத் தடவை அவர்கள் கூம்போடு நிற்கவில்லை. தண்டுக்குள் இருக்கும் மாவுக்காகக் கடப்பாறை போட்டுச் செடியையே பெயர்த்திருக்கிறார்கள். அவளிடம் கேட்டதற்கு, பல்கலைக்கழகத்தில் செடி எண்ணுகிறவள் என்று சொல்லியிருக்கிறாள்.

வயதில் பெரியவராக இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "ஈமெ மீ மனிஷேனா, மேடம்?" இவள் உங்கள் ஆள்தானா என்று.

ஒரு நிமிஷம் என்று சொல்லி உள்ளே போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. "இப்ப நம்ம வருகைப் பதிவேட்ல இருக்காளா? இல்லை இல்லையா? அதைச் சொல்லு போதும். நீட்டிப்புக் கோப்பு மேல இருக்கு. நம்ம பேர் வரக்கூடாது" என்றார்.

வெளியே வந்தேன். "இப்புடு காதண்டி" என்றேன். இப்போது இல்லைங்க.

"முன்னாடி?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் கூலிக்கு வந்திருக்கலாம். நிறையப் பேர் வருவாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நாலு மடிப்பும் கிழிந்து போயிருந்தது. நகல் என்பதால் சிவப்பும் நீலமும் இல்லை. ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எண்கள் என் கையெழுத்து.

"நாங்க நிறைய நகல் எடுப்போம். எது யார் கைக்குப் போச்சோ."

"இந்த அம்மா பேர்ல அனுமதிக் கடிதம் ஏதாவது இருக்கா, மேடம்? இருந்தா காட்டுக்குள்ள போனது தப்பில்லைன்னு ஆகும். மத்த கேஸ் வேற."

கடிதம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அந்த வருஷம் முடியும்வரை அது செல்லும். அதில் அவள் முழுப் பெயரும் இருந்தது.

"தேடிப் பார்க்கணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் நகரவில்லை என்றதும் தலையாட்டிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார்.

நாங்கள் பேசியதெல்லாம் பத்தடி தூரத்தில். கன்னியம்மாவுக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாக வரும். ஒரு வார்த்தை தவறாமல் கேட்டிருப்பாள். என்னை அவள் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகுதான், என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது எனக்கே தெரிந்தது.

பிறகு

அவள் சில வாரம் உள்ளே இருந்தாள். புருஷன் ஜாமீன் கிடைக்காமல் இன்னும் உள்ளே. நான் போய்ப் பார்க்கவில்லை. போகலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். ஊருக்குப் போனால் அவள் அம்மா கண்ணில் படாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போவேன். நைனா ஒரு தடவை, "கன்னிமாவ உங்காபீசுலதான வேலைக்கு வச்சிருந்த? நீ சொன்னா உட்ருவாங்கன்னு அவங்கம்மா கேட்டுக்கினு இருந்துச்சி" என்றார். அந்த அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்லை என்றேன்.

திட்டத்தை நீட்டித்தார்கள். சரிவில் எஞ்சிய செடிகளின் தகடுகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நானும் புதிய பெண்ணும் இரண்டு நாள் கம்பியை வெட்டி வெட்டி எடுத்தோம். பெயர்த்த இடமெல்லாம் குழி. குழிகளில் அந்த மழைக்கு உண்ணிச்செடி முளைத்திருந்தது. உண்ணி வந்த இடத்தில் வேறு எதுவும் சீக்கிரம் திரும்பாது. கோடையில் அது புல்லைவிட உயரமாக எரியும்.

எங்கள் கட்டுரை ஒரு நல்ல இதழில் வந்தது. ஓட்டுநர்வரைக்கும் நன்றி சொல்லியிருந்தோம். கன்னியம்மா பெயர் இல்லை.

தடா

சில வருஷம் போயிற்று. அந்த வேலையும் போய், நான் ஸ்ரீ சிட்டி பக்கம் தொழிற்சாலைகளுக்கு மரம் நட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் தடாவில் நெடுஞ்சாலை ஓரம் திருப்பதி பஸ்ஸுக்கு நிற்பேன். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்.

ஒரு நாள் அப்படி இறங்கியவர்களில் அவள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் இன்னும் கழற்றாத வலைத்தொப்பி. இளைத்திருந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நேராக என்னிடம் வந்தாள்.

"வசந்தா" என்றாள். மே என்று கூப்பிடவில்லை.

"கன்னியம்மா... அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் வேணாம்."

சேகர் வெளியே வந்துவிட்டதாகவும், இப்போது தடாவிலேயே வீடு எடுத்திருப்பதாகவும் சொன்னாள். ஒரு லாரி போய், புழுதி அடங்குகிறவரை இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒன்ன ஒன்னு கேக்கணும்" என்றாள். "கம்பெனியில லைன் லீடருக்கு ஆள் எடுக்கறாங்க. முன்னாடி எங்கனா எழுத்து வேலை, கணக்கு வேலை செஞ்சிருந்தா பேப்பர் குடுன்றாங்க. ரெண்டு வருசம் ஒங்கிட்ட செஞ்சேன்ல? அதுக்கு ஒரு பேப்பர் குடுப்பியா?"

திட்டம் முடிந்து போயிருந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். என்னிடம் கடிதத் தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. "குடுக்கறேன்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் வெள்ளைத் தாளில் எழுதினேன். கம்பெனிக்கு என்பதால் இங்கிலீஷில். பலமுறை எழுதிக் கிழித்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போயிற்று, குறைத்துப் பாதிப் பக்கமாக்கினேன்.

அடுத்த வாரம் அதே இடத்தில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "இன்னா எழுதிகிற, தமிழ்ல சொல்லு."

சொன்னேன். கன்னியம்மா என்பவர் இரண்டு ஆண்டுகள் எங்கள் தாவர ஆய்வில் உதவியாளராகப் பணியாற்றினார். செடிகளை அடையாளம் காண்பது, அளப்பது, எண்ணுவது, பதிவு செய்வது எல்லாம் செய்தார். இறந்தவை என்று நான் தவறாகப் பதிந்தவற்றை அவர் திருத்தினார். அவர் எங்கள் ஆள்.

கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தாளை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் சாலையைக் கடந்து போய்விட்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். "கம்பெனியில வாங்கிக்கல. லெட்டர்பேடு வேணுமாம், சீல் வேணுமாம். நீ யாருன்னு கேக்கறாங்க."

வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"அது ஒன்னுத்துக்கும் ஆகல இல்ல? கிழிச்சிப் போட்டுடு" என்றேன்.

மறுமுனையில் தையல் மெஷின்கள்போல ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடைவேளை முடிந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இருக்கட்டும்" என்றாள்.